செயின்ட் ஹெலினா தீவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடப்புத்தகத்தில் நெப்போலியன் கதையின் கடைசி வரியில் வந்துபோகும் தீவு இது. அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் அங்கே நிறைய நடந்திருக்கிறது. இன்றும் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வீடு, வேலை, தேர்தல், சண்டை சச்சரவு என்று அங்கே வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றியும் அவர்களுடைய அரசாங்கத்தைப் பற்றியும் பலர் கேட்பவற்றுக்கு இங்கே பதில். நெப்போலியனும் உண்டு, கவலை வேண்டாம்.

தீவு எங்கே இருக்கிறது?

தென் அட்லாண்டிக் கடலின் நடுவில், நிலநடுக்கோட்டுக்கு 16 டிகிரி தெற்கே. கிழக்கே ஆப்பிரிக்கக் கரை ஏறக்குறைய 1,900 கி.மீ. தள்ளி இருக்கிறது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் தூரத்தைவிட அதிகம், அவ்வளவும் தண்ணீர். மேற்கே தென் அமெரிக்கா அதைவிடத் தூரம். பக்கத்து ஊர் என்று சொல்ல வேண்டுமானால் அசென்ஷன் தீவைத்தான் சொல்ல வேண்டும். அதுவே 1,100 கி.மீ.க்கு மேல்.

எவ்வளவு பெரியது? நிலம் எப்படி?

பரப்பு சுமார் 122 ச.கி.மீ. என்றோ அடங்கிவிட்ட எரிமலையின் உச்சிதான் தீவாகக் கடலுக்கு மேலே நிற்கிறது. கப்பலில் வருபவர்களுக்கு முதலில் தெரிவது நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு நேராக எழும் மொட்டைப் பாறை. பச்சையே இருக்காது. படங்களில் பார்க்கும் தென்னையும் வெண்மணலும் இங்கே கிடையாது. சாண்டி பே என்ற இடத்தில் மணல் உண்டு, ஆனால் கறுப்பு மணல்.

உள்ளே ஏற ஏற எல்லாம் மாறிவிடும். கரையோரம் கள்ளிச்செடி, பாதி உயரத்தில் புல்வெளியும் மாடுகளும், 800 மீட்டருக்கு மேல் நிற்கும் டயானாஸ் பீக் உச்சியில் மேகம் தவழும் காடு, ஆள் உயர மரப்பெரணிகள். தென்கிழக்கு வியாபாரக் காற்று ஓயாமல் வீசுவதால் வெப்பமண்டலத்தில் இருந்தும் வெயில் வாட்டாது. ஒரே நாளில் தலைநகரில் வேர்த்து, மேட்டில் ஸ்வெட்டர் தேடலாம்.

ஓரத்து மொட்டைப் பாறை முழுக்க இயற்கையின் வேலை என்று சொல்ல முடியாது. போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட ஆடுகள் பெருகி, முளைத்ததையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. மிச்சத்தைக் குடியேறியவர்கள் விறகுக்கு வெட்டினார்கள். மரம் போனதும் மண்ணும் போயிற்று.

தலைநகரம் எது?

ஜேம்ஸ்டவுன். இரண்டு செங்குத்தான மலைகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கு போகிற போக்கிலேயே நீளும் குறுகலான ஊர். பின்னாளில் இங்கிலாந்து அரசரான இரண்டாம் ஜேம்ஸ் இளவரசராக இருந்தபோது அவர் பெயரை வைத்தார்கள். அதிகம் பேர் வசிப்பது தலைநகரில் அல்ல, அதற்கு மேலே மலைமேட்டில் இருக்கும் ஹாஃப் ட்ரீ ஹாலோவில்.

மேட்டையும் ஊரையும் இணைக்கும் ஜேக்கப்ஸ் லேடர் படிக்கட்டைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 699 படிகள், ஒரே நேர்க்கோட்டில், கிட்டத்தட்ட 180 மீட்டர் ஏற்றம். நடுவில் வளைவு நெளிவு எதுவும் இல்லை. 1829ல் இதைக் கட்டியது ஆட்கள் ஏறுவதற்கு மட்டுமல்ல. பக்கத்தில் தண்டவாளம் போட்டு, மேலே கோவேறு கழுதைகளைக் கட்டிச் சுற்றவிட்டு, சரக்கை ஏற்றி இறக்கினார்கள். தண்டவாளம் பிறகு எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு பக்கக் கைப்பிடியில் தோளையும் மறுபக்கக் கைப்பிடியில் கணுக்காலையும் வைத்து, மல்லாந்தபடியே சறுக்கிக் கீழே வருவது உள்ளூர்ப் பையன்களின் பழைய வித்தை. மேலே கோட்டையில் இருந்த சிப்பாய்களுக்குக் கீழேயிருந்து சாப்பாடு கொண்டுபோன பையன்கள் காலிப் பாத்திரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு இப்படித்தான் இறங்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

முதலில் அங்கே யார் இருந்தார்கள்?

யாருமே இல்லை. பூர்வகுடி என்று எவரும் கிடையாது. 1502ல் இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஜோவா ட நோவாவின் போர்த்துக்கீசியக் கப்பல்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். மே 21 இன்றும் தீவு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முதல் குடியிருப்பாளரின் கதை கோவாவில் தொடங்குகிறது. ஃபெர்னாவ் லோப்பஸ் என்ற போர்த்துக்கீசியச் சிப்பாய் பிஜப்பூர் சுல்தானின் பக்கம் போய், மதமும் மாறினான். பிடிபட்டதும் ஆளுநர் அல்புகர்க்கின் ஆணைப்படி மூக்கு, காது, வலது கை, இடது கட்டைவிரல் எல்லாவற்றையும் வெட்டினார்கள். பிறகு ஊர் திரும்பும் கப்பலில் ஏறியவன், 1516 வாக்கில் இந்தத் தீவில் இறங்கி ஒளிந்துகொண்டான். அடுத்த முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தன்னந்தனியாக அங்கேயே கழித்தான். கப்பல்கள் வந்தால் மறைந்துகொள்வான். மாலுமிகள் அவனுக்காக உணவும் துணியும் வைத்துவிட்டுப் போவார்கள். இடையில் ஒரு முறை ஐரோப்பாவுக்குப் போய், போப்பாண்டவரிடம் பாவமன்னிப்பும் பெற்று, மறுபடி தீவுக்கே வந்து சேர்ந்தான். நெப்போலியனைவிட இவன் கதைதான் எனக்குப் பிடித்தது.

ஆங்கிலேயர் கைக்கு எப்படிப் போனது?

காற்றின் போக்கால். பாய்மரக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் பிரேசில் பக்கமாக வளைந்து வந்தன. திரும்பும்போது நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் தென்கிழக்குக் காற்று நேராக செயின்ட் ஹெலினாவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மாதக்கணக்கில் கடலில் கிடந்து பல் ஈறு வீங்கிப்போன மாலுமிக்கு அங்கே நல்ல தண்ணீர், எலுமிச்சை, இறைச்சி எல்லாம் கிடைத்தன.

மதராஸிலும் சூரத்திலும் கடை விரித்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1657ல் தீவை ஆளும் உரிமையை வாங்கி, 1659ல் குடியேற்றத்தைத் தொடங்கியது. இடையில் 1673ல் டச்சுக்காரர்கள் சில மாதம் பிடித்துவைத்திருந்தார்கள், ஆங்கிலேயர்கள் மீட்டுக்கொண்டார்கள். 1834 வரை கம்பெனி ஆட்சி, அதன்பின் நேரடி முடியாட்சி.

கப்பல் வருவதே வருமானம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டுக்கு ஆயிரம் கப்பல்கள்வரை நின்றுபோயின. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பலும் வந்தது. இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தீவு தேவையில்லாமல் போயிற்று. கடைத்தெருவில் ஈ ஓட்டும் நிலை வந்துவிட்டது.

சரி, நெப்போலியன்?

வாட்டர்லூ தோல்விக்குப் பிறகு 1815 அக்டோபரில் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்பா தீவிலிருந்து ஒரு தடவை தப்பியவர் ஆயிற்றே, தப்பவே முடியாத இடமாகத் தேடிப் பிடித்தார்கள். காவலுக்கு அசென்ஷனிலும் தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் ட்ரிஸ்டன் ட குன்யா தீவிலும்கூடப் படையை நிறுத்தினார்கள்.

லாங்வுட் மாளிகை தயாராகும்வரை முதல் இரண்டு மாதம் பிரையர்ஸ் என்ற தோட்ட வீட்டில் தங்கினார். அவரை வாட்டர்லூவில் தோற்கடித்த வெல்லிங்டன், பத்தாண்டுகளுக்கு முன் இந்தியாவில் திப்புவோடும் மராத்தியரோடும் போரிட்டு முடித்து ஊர் திரும்பும் வழியில், அதே இடத்தில்தான் தங்கியிருந்தார்.

மீதி ஐந்தரை ஆண்டுகள் ஈரமும் எலியும் நிறைந்த லாங்வுட்டில், ஆளுநர் ஹட்சன் லோவோடு ஓயாத மனஸ்தாபத்தில் கழிந்தன. 1821 மே 5ல் இறந்தார். கல்லறையில் 'நெப்போலியன்' என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்றது பிரெஞ்சுத் தரப்பு; 'போனபார்ட்' என்பதும் சேர வேண்டும் என்றார் லோ. அரசருக்குத்தான் பெயர் மட்டும் போதும், தளபதிக்குக் குடும்பப் பெயரும் வேண்டும் என்பது கணக்கு. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் கல்லில் ஒன்றுமே எழுதவில்லை. 1840ல் உடலைப் பாரிசுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். வெறும் கல்லறை இன்னும் இருக்கிறது. அதையும் லாங்வுட் மாளிகையையும் 1858ல் பிரான்ஸ் விலைக்கு வாங்கியது. அங்கே பறப்பது பிரெஞ்சுக் கொடி.

வேறு யாரையாவது சிறைவைத்தார்களா?

வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1890 முதல் 1897 வரை தென்னாப்பிரிக்காவின் சூலு அரசர் டினுசூலு. 1900 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் (டச்சு வம்சாவளியினர்) கைதிகள் ஆயிரக்கணக்கில். தீவின் மக்கள்தொகையையே அவர்கள் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். 1950களின் பிற்பகுதியில் பஹ்ரைனிலிருந்து மூன்று அரசியல் கைதிகள்.

இவர்கள் யாரையும்விட அதிகம் பேசப்பட வேண்டியவர்கள் வேறு சிலர். 1840லிருந்து பிரிட்டிஷ் கடற்படை அட்லாண்டிக்கில் மடக்கிய அடிமைக் கப்பல்களிலிருந்து 25,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இங்கே இறக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகளும் இளவயதினரும். கப்பலில் பட்ட பாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்து ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் புதைக்கப்பட்டார்கள். விமான நிலையத்துக்குச் சாலை போடும் வேலைக்காக 2008ல் அகழ்ந்தபோது 325 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றை முறைப்படி மறுபடி அடக்கம் செய்தது 2022ல். நெப்போலியனின் காலிக் கல்லறைக்கு இவ்வளவு காலமும் காவலாள் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அங்கே இருப்பவர்கள் யார்?

2021 கணக்கெடுப்பின்படி சுமார் 4,400 பேர். ஆங்கிலேயக் குடியேறிகள், மடகாஸ்கர், இந்தியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய இடங்களிலிருந்து கம்பெனி கொண்டுவந்த அடிமைகள், 1810க்குப் பின் கூலிவேலைக்கு வந்த சீனர்கள், விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களில் தங்கிவிட்டவர்கள் என எல்லோரும் கலந்து வந்த சந்ததி. ஒரே குடும்பத்தில் எல்லா நிறமும் இருக்கும். தங்களை 'செயின்ட்' என்று சொல்லிக்கொள்வார்கள். பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் அவர்களுக்கே உரிய வேகமும் சுருக்கமும் கொண்டது. பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் சபையினர்.

எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எதிரே வரும் வண்டிக்குக் கை காட்டாமல் போனால் மரியாதைக் குறைவு. பட்டப்பெயர் இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. 'ப்ளோ' என்று ஒரே பாத்திரத்தில் கறி, காய்கறி, மசாலாத்தூள், அரிசி எல்லாம் போட்டுச் சமைப்பார்கள். புலாவ்தான், வேறென்ன. கம்பெனிக் கப்பலில் எந்தத் துறைமுகத்திலிருந்து ஏறியதோ! சூரை மீனில் மிளகாய் தூக்கலாகப் போட்ட மீன் உருண்டையும் வீட்டுக்கு வீடு உண்டு.

தனி நாடா? யார் ஆளுகிறார்கள்?

தனி நாடு அல்ல. பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. அசென்ஷன், ட்ரிஸ்டன் ட குன்யா தீவுகளோடு சேர்த்து மூன்றும் ஒரே ஆட்சிப்பகுதி. முன்பு மற்ற இரண்டும் செயின்ட் ஹெலினாவின் 'சார்புப் பகுதிகள்' என்று இருந்தன; 2009 அரசியலமைப்பு மூன்றையும் சமமாக வைத்தது.

அரசரின் பெயரால் ஆளுநர் லண்டனிலிருந்து வருவார், சில ஆண்டுகளில் போய்விடுவார். பாதுகாப்பு, வெளியுறவு, காவல்துறை, அரசுப் பணியாளர் நியமனம் போன்றவை அவர் கையில். மற்றதற்குச் சட்டமன்றம் உண்டு: 12 உறுப்பினர்கள், நான்கு ஆண்டுப் பதவிக்காலம். தொகுதி கிடையாது; தீவே ஒரு தொகுதி. கட்சியும் கிடையாது. வேட்பாளர் என்ன படித்தார், யாரோடு சண்டை போட்டார் என்பதெல்லாம் வாக்காளருக்கு ஏற்கெனவே அத்துப்படி.

2021 அக்டோபர்வரை குழுக்களை வைத்து நிர்வாகம் நடந்தது. யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் எல்லோரையும் காட்டலாம். அந்த ஆண்டு அமைச்சரவை முறை வந்தது. 12 பேரும் தங்களுக்குள் ஒருவரை முதலமைச்சராகத் தேர்ந்தெடுப்பார்கள்; அவர் நான்கு அமைச்சர்களை வைத்துக்கொள்வார். முதல் முதலமைச்சர் ஜூலி தாமஸ் என்ற பெண்மணி. பொறுப்பைக் கேட்க ஒரு முகம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் பட்ஜெட்டில் பெரும்பகுதி லண்டனின் மானியம். லண்டன் நாடாளுமன்றத்தில் தீவுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை. அந்த இடைவெளியை எந்த அமைச்சரவை முறையும் அடைக்காது.

அவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களா?

இப்போது ஆம். நடுவில் இருபது ஆண்டுகள் பறித்துவைத்திருந்தார்கள். 1981 குடியுரிமைச் சட்டம் தீவினருக்குப் பிரிட்டனில் வசிக்கும் உரிமையை இல்லாமல் செய்தது. ஹாங்காங் மக்கள் மொத்தமாக வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் எழுதிய சட்டத்தில் இவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 1982ல் அர்ஜென்டினாவோடு நடந்த போருக்குப் பிறகு ஃபாக்லாந்து தீவினருக்கு மட்டும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். செயின்ட்களுக்காக யாரும் போர் தொடுக்கவில்லை, எனவே காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் கையில் எடுத்தது 1673ல் இரண்டாம் சார்லஸ் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தை. தீவில் பிறந்தவர்கள் இங்கிலாந்தில் பிறந்தவர்களைப் போலவே உரிமை பெறுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. சர்ச் உதவியோடு பல ஆண்டுகள் போராடினார்கள். முழுக் குடியுரிமை திரும்பக் கிடைத்த நாள் 2002 மே 21, தீவு கண்டுபிடிக்கப்பட்ட ஐந்நூறாவது ஆண்டு. கிடைத்ததும் இளைஞர்கள் பலர் மூட்டை கட்டி இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார்கள் என்பது இன்னொரு பக்கம்.

பிழைப்புக்கு என்ன வழி?

அரசு வேலை, கொஞ்சம் மீன்பிடிப்பு, கொஞ்சம் சுற்றுலா, வெளியூர் போனவர்கள் அனுப்பும் பணம். அசென்ஷனிலும் ஃபாக்லாந்திலும் ஒப்பந்த வேலைக்குப் போவது தலைமுறை வழக்கம். தாத்தா பாட்டி வளர்த்த பிள்ளைகள் அங்கே நிறைய.

20ஆம் நூற்றாண்டில் ஒரு தொழில் இருந்தது: நியூசிலாந்து ஆளி என்ற நார்ச்செடி. மலையெங்கும் அதை நட்டு, ஆலைகளில் நார் உரித்துக் கயிறாக்கி அனுப்பினார்கள். பிரிட்டிஷ் தபால் துறை மூட்டை கட்ட அதைத்தான் வாங்கியது. 1960களில் தபால் துறை செயற்கை நூலுக்கு மாறியது. 1966ல் கடைசி ஆலையும் மூடியது. செடி மட்டும் போகவில்லை. இன்றும் உள்ளூர்க் காட்டை நெருக்கிக்கொண்டு மலைமுகடு முழுக்க நிற்கிறது.

1733ல் ஏமனிலிருந்து வந்த காப்பிக்கு நல்ல பெயரும் நல்ல விலையும் உண்டு. ஆனால் விளைவது மிகக் குறைவு.

'உலகிலேயே உதவாத விமான நிலையம்' என்றார்களே?

பிரிட்டிஷ் பத்திரிகைகள் வைத்த பெயர். 28.5 கோடி பவுண்டு செலவில், ஒரு பள்ளத்தாக்கையே பாறை கொட்டி நிரப்பிக் கட்டினார்கள். 2016ல் திறக்க வேண்டிய நேரத்தில்தான், 300 மீட்டர் செங்குத்துப் பாறையில் மோதி எழும் காற்று ஓடுபாதை முனையில் திடீர் திடீரென்று திசையும் வேகமும் மாறுவதால், நினைத்த அளவு பெரிய விமானங்கள் பத்திரமாக இறங்க முடியாது என்று தெரிந்தது. இத்தனைக்கும் 1836ல் டார்வின் வந்தபோதே தீவின் காற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

2017 அக்டோபரில் சிறிய விமானங்களை வைத்து ஏர்லிங்க் நிறுவனம் ஜொகானஸ்பர்க் சேவையைத் தொடங்கியது. அதுவரை ஒரே வழி, கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் பயணமாக வந்த ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா கப்பல். 2018 பிப்ரவரியில் அதுவும் ஓய்வுபெற்றது. அவசர சிகிச்சைக்கு ஒருவரைத் தென்னாப்பிரிக்கா கொண்டுபோக நாள்கணக்கில் ஆனது இப்போது மணிக்கணக்காகியிருக்கிறது. இதை வைத்துப் பார்த்தால் 'உதவாத' என்ற பட்டம் லண்டனில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கே உதவும்.

அந்த ஆமை இன்னும் உயிரோடு இருக்கிறதா?

ஜோனதனைத்தானே கேட்கிறீர்கள்? ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் வாழும் சீஷெல்ஸ் ராட்சத ஆமை. 1882ல் தீவுக்கு வந்தபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்ததால் 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்பது கணக்கு. கண் புரைவிழுந்து பார்வை போய்விட்டது, மோப்பமும் இல்லை. ஆனால் காது கேட்கும். வாரம் ஒரு முறை கால்நடை மருத்துவக் கவனிப்பில் கேரட், வெள்ளரிக்காய், ஆப்பிள் என்று கையாலேயே ஊட்டுகிறார்கள். தீவின் ஐந்து பென்ஸ் காசிலும் ஆமைதான்.

ஜோனதன் வந்தேறிதான். அசல் உள்ளூர்க்காரர், கம்பிபோல மெல்லிய கால்கள் கொண்ட வயர்பேர்ட் என்ற உப்புக்கொத்தி. தீவுக்கே உரிய நிலப்பறவைகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். செடிகளில் சோகமும் உண்டு, அதிசயமும் உண்டு: செயின்ட் ஹெலினா ஆலிவ் மரம் 2003ல் அடியோடு அற்றுப்போனது, நூறாண்டுகளுக்கு மேல் அற்றுவிட்டதாக நினைத்திருந்த எபனிச் செடி, 1980ல் ஒரு செங்குத்துப் பாறையில் இரண்டே இரண்டு கண்டுபிடிக்கப்பட்டு, பதியம் போட்டு இன்று ஆயிரக்கணக்கில் வளர்ந்திருக்கிறது.

தமிழர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அண்மையில் ஒரு சங்கடமான தொடர்பு. 2021ல் ஈழத்தமிழர்கள் வந்த படகு நடுக்கடலில் பழுதாகி, அவர்கள் இந்தியப் பெருங்கடலில் டியாகோ கார்சியா ராணுவத் தளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கவைக்கப்பட்டார்கள். பெரும்பாலோரைக் கடைசியில் 2024 டிசம்பரில் பிரிட்டனுக்கு அழைத்துக்கொண்டார்கள். அதற்குச் சில வாரம் முன்பு, இனிமேல் அந்தத் தளத்துக்குப் படகில் யாராவது வந்தால் செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்பலாம் என்று பிரிட்டன் தீவு அரசோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. வேண்டாதவர்களைத் தூரத்தில் வைக்க இடம் தேடும்போது லண்டனுக்கு இன்றும் முதலில் ஞாபகம் வருவது எது என்று பாருங்கள்.

நேரில் போக என்ன வேண்டும்?

ஜொகானஸ்பர்க்கிலிருந்து வாரம் ஒரு விமானம்தான் வழக்கம். சீசனில் கூடுதலாக விடுவார்கள். ஆகவே குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள். காற்று சரியில்லையென்றால் பயணம் தள்ளிப்போகும், திரும்பும் டிக்கெட்டில் இரண்டொரு நாள் இடைவெளி விடுங்கள். அவசரத்துக்கு வெளியூர் மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் செலவையும் சேர்த்த மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏடிஎம் கிடையாது, பிரிட்டிஷ் பவுண்டு ரொக்கம் செல்லும். மீதிச் சில்லறை செயின்ட் ஹெலினா பவுண்டாகக் கிடைத்தால் விமானம் ஏறுவதற்குள் மாற்றிவிடுங்கள், வெளியே யாரும் வாங்க மாட்டார்கள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போனால் திமிங்கலச் சுறாக்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். படிக்கட்டு ஏறுவதாக இருந்தால் காலை வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள்.